டிஎல்சி பச்சை, பைப்லைன் சிவப்பு: ஸ்ட்ரீம் மாடல்களில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

காஃப்கா மாதிரி ஒரு லாக்கிலிருந்து நிகழ்வுகளை எடுத்து, ஃபிளிங்க் மாதிரி ஓர் இன்ஜினில் கணக்கிட்டு, வேறோர் இடத்தில் எழுதிவைக்கும் பைப்லைன் உங்களுடையது என்று வைத்துக்கொள்கிறேன். அதை டிஎல்ஏ பிளஸ் என்ற விவரிப்பு மொழியில் ஸ்பெக்காக (பைப்லைன் எப்படி நடக்க வேண்டும் என்ற துல்லியமான விவரிப்பாக) எழுதி, சாத்தியமான நிலைகளையெல்லாம் தேடிப் பார்க்கும் டிஎல்சி கருவியில் ஓட்டினால் வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பைப்லைன் மாறினாலும் அதே முகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சீக்கிரம் சரிபார்க்கக்கூடிய காரணம் முதலில், நாள்கணக்கில் நேரம் தின்பது கடைசியில். டெம்போரல் லாஜிக் பாடம் இதில் கிடையாது.

எதையும் தொடுமுன் டிஎல்சி கக்கிய முழு வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். எந்த மாறிலிக்கு என்ன மதிப்புக் கொடுத்தீர்கள் என்பதும் அதோடு இருக்கட்டும். அப்புறம் மாடலைச் சின்னதாக்குங்கள்: 2 பார்ட்டிஷன் (லாக்கின் தனித்தனிப் பிரிவு), பார்ட்டிஷனுக்கு 3 நிகழ்வு, 2 கீ (நிகழ்வுகளைக் குழுவாக்கும் அடையாளம்), 1 கிராஷ். கோளாறு இந்த அளவிலும் தெரிந்தால் பெரிய அளவில் தேடுவது வீண் வேலை.

## அறிகுறி 1: ஓட்டம் முடிவதே இல்லை

டிஎல்சி அவ்வப்போது காட்டும் வரியில் மூன்று எண்கள் முக்கியம்: உருவான நிலைகள், அவற்றில் தனித்தனி நிலைகள், வரிசையில் காத்திருப்பவை. மூன்றாவதைப் பாருங்கள். அது ஏறி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தால் கோளாறு எதுவும் இல்லை, காத்திருங்கள். ஏறிக்கொண்டே போனால் கீழே வாருங்கள்.

எல்லையில்லாத எண் ஏதாவது இருக்கிறதா? ஆஃப்செட் (பார்ட்டிஷனுக்குள் நிகழ்வின் இட எண்), நிகழ்வு நேரம், மறுமுயற்சி எண்ணிக்கை, செக்பாயின்ட் (மீட்புக்காகச் சேமிக்கும் நிலை) ஐடி. இவற்றில் ஒன்று தடையில்லாமல் ஏறினாலும் நிலைகளுக்கு முடிவே கிடையாது. செக்பாயின்ட் ஐடிதான் வழக்கமான குற்றவாளி, ஏனென்றால் அது தீங்கில்லாதது போலத் தோன்றும். அந்தச் செயலின் நிபந்தனையிலேயே ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

வெளியீட்டை வரிசையாகச் சேமிக்கிறீர்களா? நிறைய பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 3 பார்ட்டிஷன், ஒவ்வொன்றிலும் 4 நிகழ்வு என்று கொள்ளுங்கள். எந்தப் பார்ட்டிஷனில் எதுவரை படித்தோம் என்பதை மட்டும் வைத்தால் 5 × 5 × 5 = 125 நிலைகள். படித்த நிகழ்வுகளை வந்த வரிசைப்படியே ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால், முழுதாக முடிந்த பட்டியல்கள் மட்டுமே 34,650. பாதியில் நிற்பவை தனி. நீங்கள் சோதிக்கும் பண்புக்கு வரிசை தேவையா என்று கேளுங்கள். "ஒவ்வொரு நிகழ்வும் சரியாக ஒருமுறை எண்ணப்பட்டதா" என்பதற்கு வரிசை வேண்டாம். எந்த நிகழ்வு எத்தனை முறை என்ற கணக்குப் போதும். கீ வாரியான வரிசை வேண்டுமென்றால் கீ வாரியாக மட்டும் வையுங்கள்.

அடிகள் மிகவும் பொடியாக உள்ளனவா? ஒரு வொர்க்கர் தன் உள் மாறிகளை மட்டும் தொடும் மூன்று அடிகளை ஒரே அடியாக்கலாம். வேறு யாரும் பார்க்கக்கூடிய எதையாவது (லாக், முடிவை எழுதும் இடமான சிங்க், செக்பாயின்ட் சேமிப்பகம்) தொடும் அடிகளைச் சேர்க்காதீர்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டு அங்கே ஒட்டுப்போட்டால் அறிகுறி 6-இல் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

சிமெட்ரி (பெயர் மட்டும் இடம் மாறிய நிலைகளை ஒன்றாகவே எண்ணுவது) பயன்படுத்தலாமா? கீகள், வொர்க்கர்கள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை என்றால் பயன்படுத்தலாம். 3 வொர்க்கர் இருந்தால் நிலைகள் ஏறக்குறைய ஆறில் ஒன்றாகும். நிகழ்வு நேரங்களுக்கு இது செல்லாது. 1-க்குப் பின் 2 என்ற ஒழுங்கு அவற்றுக்கு உண்டு. லைவ்னஸ் பண்புகளை ("ஒருநாள் நடந்தே தீரும்" என்பவை) சோதிக்கும்போதும் சிமெட்ரியை அணைத்துவிடுங்கள். முடிவை நம்ப முடியாது.

இதற்கு மேலும் முடியவில்லையா? இனி செலவான வழிகள்தான். டிஎல்சியின் சிமுலேஷன் முறை சமவாய்ப்பில் ஓட்டங்களை எடுத்துப் பார்க்கும். பிழை கண்டால் உண்மை, காணாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை. அபலாச்சி என்ற இன்னொரு கருவி நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணாமல், தர்க்க நிபந்தனைகளைத் தீர்க்கும் இசட்3 சால்வரிடம் சமன்பாடாகக் கொடுக்கும். பெரிய எண் வரம்புகள் இருக்கும் மாடலுக்கு அது பொருந்தும். பெரிய கணினி வாடகைக்கு எடுப்பது கடைசி வழி. என் கணிப்பில், அதற்குப் போகிற மாடல்களில் பாதிக்கு மேல் இன்னும் ஒரு வரிசைப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் இருக்கும்.

## அறிகுறி 2: நொடியில் பச்சை

சிவப்பைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். முதல் ஓட்டத்திலேயே பிழை ஏதும் இல்லை என்று வந்தால், அநேகமாக மாடல் ஒன்றுமே செய்யவில்லை.

தனித்தனி நிலைகள் எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றால் தொடக்க நிலையோ அடுத்த அடியோ தவறு. ஒரு செயலின் நிபந்தனை எப்போதும் பொய்யாக இருக்கும். பெரும்பாலும் வெற்று கணத்திலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்லியிருப்பீர்கள்.

பண்பு கான்ஃபிக்கில் இருக்கிறதா? ஸ்பெக்கில் அழகாக எழுதிவைத்துவிட்டு, கான்ஃபிக் கோப்பில் அதன் பெயரைச் சேர்க்காமல் ஓட்டுவது சாதாரணமாக நடக்கும். எழுதியிருக்கிறது என்பதற்காக டிஎல்சி அதைச் சோதிக்காது.

அபலாச்சியா? அது இயல்பாக 10 அடிகள் வரைதான் பார்க்கும். படி, கணக்கிடு, எழுது, செக்பாயின்ட், கிராஷ், மீட்பு, மறுபடி படி என்று எண்ணிப் பாருங்கள். சுவாரசியமான பிழை பல நேரம் பத்தாவது அடிக்கு அப்புறம்தான் தொடங்கும்.

எந்தச் செயல் ஒருமுறைகூட நடக்கவில்லை? கவரேஜ் விருப்பத்தைப் போட்டு ஓட்டினால் ஒவ்வொரு செயலும் எத்தனை முறை நடந்தது என்று தெரியும். கிராஷ் செயலுக்கு நேரே சுழியம் இருந்தால், உங்கள் பச்சை கிராஷே ஆகாத உலகத்துக்கான பச்சை.

பண்பு வெறுமையாக உண்மையாகிறதா? "தாமதமாக வந்த நிகழ்வு தனி வெளியீட்டுக்குப் போகும்" என்பது ஒரு பண்பு. மாடலில் தாமத நிகழ்வே உருவாகாவிட்டால் இது எப்போதும் உண்மை, பயன் எதுவும் இல்லை. இதற்கு ஒரு மலிவான சோதனை உண்டு: "தாமத நிகழ்வு எப்போதும் வராது" என்பதை வேண்டுமென்றே இன்வேரியன்டாக (எல்லா நிலையிலும் உண்மையாக இருக்க வேண்டிய பண்பாக) எழுதி ஓட்டுங்கள். டிஎல்சி அதை உடைத்துக் காட்ட வேண்டும். உடைக்கவில்லையா? அப்படியானால் உங்கள் நிகழ்வு உற்பத்திச் செயல் நேரங்களை ஏறுவரிசையில் மட்டும் தருகிறது. "ஏதோவொரு நேரம், வரம்புக்குள் எதுவானாலும் சரி" என்று மாற்றுங்கள். நான் பார்க்கும் ஒவ்வொரு ஸ்பெக்கிலும் "கிராஷ் வராது", "தாமதம் வராது", "மறுமுயற்சி வராது" என்று மூன்று பொய் இன்வேரியன்ட்களை நிரந்தரமாகவே வைக்கச் சொல்வேன்.

பண்பு செயலையே திருப்பிச் சொல்கிறதா? இது கண்டுபிடிக்கக் கடினமானது. கணக்கிடும் செயல் ஒரு மாறியைக் கூட்டுகிறது. இன்வேரியன்ட் அதே கூட்டலை அதே மாறிகளை வைத்துச் சரிபார்க்கிறது. இது உடையவே முடியாது. சரியான விடை வேறு வழியில் வர வேண்டும்: உள்ளே வந்த எல்லா நிகழ்வுகளின் கணத்தை ஒரு தனி மாறியில் வைத்து, பைப்லைனின் எந்த உள் நிலையையும் தொடாமல், அதிலிருந்து நேரடியாக விண்டோவின் (ஒரு நேர இடைவெளியின்) கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் சந்தேகமா? ஸ்பெக்கைக் கெடுத்துப் பாருங்கள். மீட்பின்போது ஆஃப்செட்டை ஒன்று கூட்டுங்கள், செக்பாயின்ட் நிபந்தனையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கெடுதலுக்கும் ஏதாவது ஒரு பண்பு அலற வேண்டும். அலறாத இடத்தில் ஒரு பண்பு குறைகிறது என்று அர்த்தம்.

## அறிகுறி 3: டெட்லாக் என்று நிற்கிறது

கடைசி நிலையைப் பாருங்கள். எல்லா நிகழ்வும் படித்து, எழுதி, முடிந்துவிட்டதா? அப்படியானால் அது டெட்லாக் அல்ல, வேலை முடிந்தது. செய்ய அடுத்த அடி இல்லாததை டிஎல்சி டெட்லாக் என்கிறது. அந்தச் சோதனையையே அணைக்கக் கான்ஃபிக்கில் ஒரு வரி போதும், ஆனால் நான் அணைக்க மாட்டேன். "எல்லாம் முடிந்துவிட்டால் மாறாமல் இரு" என்று நிபந்தனையோடு ஓர் அடியைச் சேர்த்தால், உண்மையான முடக்கம் வரும்போது எச்சரிக்கை மிச்சமிருக்கும்.

முடியாமல் நிற்கிறது என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, செக்பாயின்ட் பேரியர் (செக்பாயின்ட் எடு என்று நிகழ்வுகளோடு வரும் குறி) எல்லா உள்ளீடுகளிலிருந்தும் வரும் என்று காத்திருக்கும் ஆபரேட்டர் (கணக்கிடும் ஒரு கட்டம்). ஓர் உள்ளீடு ஏற்கெனவே முடிந்துபோயிருந்தால் பேரியர் வராது. இது மாடலின் கற்பனை அல்ல. ஃபிளிங்க்கே சில டாஸ்க்குகள் முடிந்த பிறகும் செக்பாயின்ட் எடுப்பதை 1.14-இல்தான் கொண்டுவந்தது, 1.15-இலிருந்து அது இயல்பு. இரண்டு, வளையமாக இணைந்த ஆபரேட்டர்களுக்கிடையே வரம்புள்ள பஃபர்கள்: இரண்டும் நிரம்பி, ஒன்றுக்கொன்று இடம் கேட்டு நிற்கும். இது டிசைன் பிழை. மாடலில் பஃபரைப் பெரிதாக்கினால் பிழை போகாது, தள்ளித்தான் போகும்.

## அறிகுறி 4: "எப்படியும் வந்து சேரும்" என்ற பண்பு உடைகிறது

எதிர் உதாரணத்தின் கடைசி வரியை வைத்துப் பிரியுங்கள்.

"ஸ்டட்டரிங்" என்று முடிகிறது. எதுவும் செய்யாமல் அப்படியே நின்றுவிட டிஎல்ஏ பிளஸ் அனுமதிக்கிறது. நிற்கக் கூடாது என்றால் வீக் ஃபேர்னஸ் (தொடர்ந்து சாத்தியமாக இருக்கும் செயல் ஒருநாள் நடந்தே தீரும் என்ற உறுதி) சொல்ல வேண்டும். படித்தல், கணக்கிடுதல், எழுதுதல், மீட்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மொத்த அடுத்த அடிக்கும் சேர்த்து ஒரே வீக் ஃபேர்னஸ் போட்டால் "ஏதோ ஒன்று நடக்கும்" என்பதுதான் உறுதி. ஒரு பார்ட்டிஷனை முழுக்கப் பட்டினி போட்டு இன்னொன்றை மட்டும் படிப்பதும் அதற்குள் அடங்கும். கிராஷுக்கு ஃபேர்னஸ் தராதீர்கள். கிராஷ் ஆகியே தீரும் என்று யாரும் உறுதி கொடுக்க வேண்டியதில்லை.

முந்தைய ஒரு நிலைக்குத் திரும்புகிறது. வளையத்துக்குள் என்ன இருக்கிறது? கிராஷ், மீட்பு, கிராஷ், மீட்பு என்றால், எழுதும் செயல் இடையிடையேதான் சாத்தியமாகிறது. வீக் ஃபேர்னஸ் அங்கே வேலைக்கு ஆகாது. கிராஷ் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது சுலபமான வழி. ஸ்ட்ராங் ஃபேர்னஸ் (விட்டுவிட்டு, ஆனால் திரும்பத் திரும்பச் சாத்தியமாகும் செயலும் நடந்தே தீரும் என்ற உறுதி) இன்னொரு வழி, ஆனால் நிஜ ஷெட்யூலர் அந்த உறுதியைத் தருகிறதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

விண்டோ மூடவே இல்லை. வளையத்தில் ஒரு பார்ட்டிஷன் சும்மா இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர்மார்க் என்பது "இந்த நேரம்வரையான நிகழ்வுகள் வந்துவிட்டன" என்ற குறி; பல உள்ளீடுகள் சேரும் இடத்தில் அது அவற்றின் குறிகளில் மிகக் குறைந்தது. ஒரு பார்ட்டிஷனில் நிகழ்வே வராவிட்டால் குறைந்தது அப்படியே நிற்கும், மற்றவை எவ்வளவு ஓடினாலும் விண்டோ திறந்தே கிடக்கும். இது மாடல் கோளாறு அல்ல, உங்கள் பைப்லைனிலும் இதே நடக்கும். ஃபிளிங்க்கில் சும்மா இருக்கும் மூலத்தை இவ்வளவு நேரத்துக்குப் பின் கணக்கில் எடுக்காதே என்று சொல்லும் அமைப்பு உண்டு. அதை வைத்தால் மாடலிலும் வையுங்கள், ஏனென்றால் அது புதிதாக ஒரு கேள்வியைக் கொண்டுவரும்: தூங்கிய பார்ட்டிஷன் விழித்துப் பழைய நேரத்தோடு நிகழ்வுகளை அனுப்பினால் அவை தாமதம் என்று தள்ளப்படுமா?

கான்ஸ்ட்ரெய்ன்ட் வைத்து நிலைகளை வெட்டியிருந்தால் லைவ்னஸ் முடிவு பச்சையானாலும் நம்பாதீர்கள். வெட்டிய இடத்துக்கு அப்பால் போகும் ஓட்டங்கள் கணக்கில் வராது.

## அறிகுறி 5: "இது நிஜத்தில் நடக்காது"

எதிர் உதாரணத்தைக் குழுவுக்குக் காட்டினால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார். வாதம் வேண்டாம். ஓட்டத்தை முதலிலிருந்து அடி அடியாகப் படித்து, நடக்காது என்று அவர் நினைக்கும் முதல் அடியில் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு ஒரே கேள்வி: அது நடக்காமல் தடுப்பது எது?

பதில் ஓர் அமைப்பின் (செட்டிங்கின்) பெயராக இருந்தால் அந்த அமைப்பை உண்மை, பொய் என்ற இரு மதிப்புள்ள மாறிலியாக மாடலில் சேருங்கள். உதாரணமாக "ஒரே புரொட்யூசர் அனுப்பியவை இடம் மாறாது" என்பார்கள். காஃப்கா ஒரு பார்ட்டிஷனுக்குள்தான் வரிசையைக் காக்கும். பார்ட்டிஷன்களுக்கிடையே எந்த உறுதியும் இல்லை. ஒரே பார்ட்டிஷனுக்குள்ளும், மறுமுயற்சி இருந்து ஐடெம்பொட்டன்ஸ் (மீண்டும் அனுப்பியதைக் காஃப்கா அடையாளம் கண்டு தள்ளுவது) இல்லாமல், ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் போய்க்கொண்டிருந்தால் வரிசை மாறலாம். 3.0 பதிப்பிலிருந்து ஐடெம்பொட்டன்ஸ் இயல்பாக இயங்குகிறது. பழைய கிளையன்ட்டோ, யாரோ எழுதிய மேலடுக்கு அமைப்போ அதை அணைத்திருக்கலாம். மாறிலியைப் பொய்யாக்கி ஓட்டினால் எது உடையும் என்று தெரிந்துவிடும். அதுவே நல்ல ஆவணம்.

பதில் "இதுவரை நடந்ததில்லை" என்றால் அது தடுப்பு ஆகாது. அமேசான் பொறியாளர்கள் 2015-இல் எழுதிய கட்டுரையில், டைனமோடிபி தரவுத்தளத்தில் டிஎல்சி கண்ட ஒரு பிழையின் மிகக் குறுகிய ஓட்டமே 35 அடிகள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை யாரும் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

உண்மையிலேயே தடுப்பு இருக்கிறது, மாடல்தான் முரட்டுத்தனம் என்றால் அந்தத் தடுப்பை மாடலில் எழுதுங்கள். அந்த ஓர் ஓட்டத்தை மட்டும் விலக்கும் நிபந்தனையை ஒட்டாதீர்கள்.

## அறிகுறி 6: மாடல் பச்சை, பைப்லைனில் இரட்டை எண்ணிக்கை அல்லது இழப்பு

எல்லாரும் கடைசியில் வந்து சேரும் இடம் இது. பிழை பெரும்பாலும் மாடலின் எல்லைக்கோட்டில் இருக்கும்: மூலத்துக்கும் பைப்லைனுக்கும் நடுவில், பைப்லைனுக்கும் சிங்க்குக்கும் நடுவில். உள்ளே நடக்கும் கணக்கை எல்லாரும் கவனமாக எழுதுகிறார்கள். வாசற்படியில்தான் ஒரே அடியில் தாண்டிவிடுகிறார்கள்.

### இழப்பு

காஃப்கா கன்ஸ்யூமர் (படிக்கும் நிரல்) ஆஃப்செட்டைத் தானாக கமிட் செய்கிறதா, அதாவது இதுவரை முடிந்தது என்று பதிகிறதா என்று முதலில் பாருங்கள். இயல்பு அமைப்பு அதுதான், 5 விநாடிக்கு ஒருமுறை. எடுத்த நிகழ்வுகளை வேறொரு த்ரெட்டிடம் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேட்டால், கணக்கிடாத நிகழ்வுகளுக்கும் கமிட் ஆகிவிடும். மாடலில் கமிட்டைத் தனிச் செயலாக, எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று எழுதுங்கள். பச்சை உடனே போகும்.

அடுத்தது தாமதம் என்று தூக்கி எறியப்படும் நிகழ்வுகள். ஃபிளிங்க்கில் அனுமதிக்கப்பட்ட தாமதம் இயல்பாகச் சுழியம். கடிகாரம் முன்னால் ஓடும் ஒரே ஒரு சாதனம் நாளைய நேரத்தோடு நிகழ்வு அனுப்பினால், அதுவரை கண்ட பெரிய நேரத்தை வைத்து வாட்டர்மார்க் போடும் முறையில் அது எகிறும். அதைக் கீழே பிடித்துவைக்க வேறு பார்ட்டிஷன் இல்லாவிட்டால், மற்ற சாதனங்கள் அனுப்புவதெல்லாம் அதற்குப்பின் தாமதம். மாடலில் "பொய் நேரம் சொல்லும் சாதனம்" ஒன்றைச் சேர்ப்பது இரண்டு வரி வேலை.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கம். ஃபிளிங்க்கின் காஃப்கா சிங்க் சரியாக ஒருமுறை என்ற முறையில் இயல்பாக 1 மணி நேர டிரான்ஸாக்ஷன் கெடு கேட்கும். காஃப்கா புரோக்கர் (காஃப்காவின் சர்வர்) இயல்பாக 15 நிமிடத்துக்கு மேல் தராது. அதனால் வேலை தொடங்காமல் பிழை காட்டும், யாரோ கெடுவைக் குறைப்பார், ஓடத் தொடங்கும். பிறகு ஒருநாள், செக்பாயின்ட் முடிந்து கமிட் ஆகும் முன் கிராஷாகி, மீள்வதற்குள் அந்தக் கெடு தாண்டினால் புரோக்கர் டிரான்ஸாக்ஷனை ரத்து செய்துவிடும். செக்பாயின்ட் "எழுதியாயிற்று" என்கிறது, சிங்க்கில் ஒன்றும் இல்லை. உங்கள் ஸ்பெக்கில் "ரத்து" என்ற செயல் புரோக்கர் பக்கம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த இழப்பு அதற்குத் தெரிய வழியே இல்லை. நேரத்தை எண்ணாக எழுத வேண்டாம். "கெடு எப்போது வேண்டுமானாலும் தீரலாம்" என்று ஒரு செயல் போதும்.

### இரட்டை எண்ணிக்கை

சிங்க்கில் எழுதுவதும் ஆஃப்செட்டைச் சேமிப்பதும் ஸ்பெக்கில் ஒரே அடியா? இரண்டாகப் பிரித்து நடுவில் கிராஷை அனுமதியுங்கள். பத்தில் ஏழெட்டுப் புகார்கள் இதிலேயே தீரும் என்பது என் அனுபவம்.

தீரவில்லையென்றால் படிக்கிறவரைப் பாருங்கள். காஃப்கா கன்ஸ்யூமர் இயல்பாக கமிட் ஆகாத டிரான்ஸாக்ஷன்களையும் படிக்கும். எழுதும் பக்கம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், படிக்கும் பக்கம் இதை மாற்றாவிட்டால் ரத்தானவையும் எண்ணப்படும்.

அப்புறம், செத்ததாக நினைத்த வொர்க்கர். ஸ்பெக்கில் கிராஷ் என்றால் அந்த வொர்க்கர் உடனே மறைந்துவிடுகிறது. நிஜத்தில் அது நீண்ட கார்பேஜ் கலெக்ஷனில் (நினைவகத் துப்புரவில்) உறைந்திருக்கும், பதிலாள் வேலையைத் தொடங்கிய பின் விழித்து, கையில் இருந்ததை எழுதிவிட்டுத்தான் போகும். கிராஷ் செயலை இரண்டாக்குங்கள்: "இறந்துவிட்டதாக ஒருங்கிணைப்பாளர் நினைக்கிறார்", "உண்மையில் நின்றுவிட்டது". இரண்டும் வேறு வேறு நேரத்தில் நடக்கட்டும்.

மின்னஞ்சல் அனுப்புவது, வெளி ஏபிஐயைக் கூப்பிடுவது போன்றவை எந்த டிரான்ஸாக்ஷனுக்குள்ளும் வராது. அங்கே எதிர்ப்பக்கம் ஐடியை வைத்து மறுபதிவைத் தள்ள வேண்டும். அதையும் மாடலில் ஒரு கணமாக எழுதிவிடலாம்.

### இரண்டும் இல்லை, காரணமே தெரியவில்லை

செலவான சோதனை, ஆனால் பிடித்துக் கொடுக்கும்: நிஜ ஓட்டத்தின் லாக்கை ஸ்பெக்கோடு ஒப்பிடுவது. ஸ்பெக்கின் ஒவ்வொரு செயலுக்கும் நிகரான இடத்தில் கோடில் ஒரு லாக் வரி போடுங்கள்: செயலின் பெயர், மாறிய மதிப்புகள். அந்த லாக்கை டிஎல்சியிடம் கொடுத்து, ஒவ்வோர் அடியும் லாக்கின் அடுத்த வரியோடு பொருந்த வேண்டும் என்று கட்டுப்படுத்துங்கள். லாக் முழுதும் தீராமல் ஓரிடத்தில் நின்றால், ஸ்பெக்கும் கோடும் பிரியும் வரி அதுதான். பல கணினிகளின் லாக்கைக் கடிகார நேரப்படி சேர்க்காதீர்கள். போலிப் பிரிவுகள் வரும். ஆஃப்செட், செக்பாயின்ட் ஐடி போன்ற காரண ஒழுங்குள்ள எண்களை வைத்துச் சேருங்கள். எல்லா மாறியையும் லாக்கில் போட வேண்டியதில்லை, விடுபட்டதை டிஎல்சி தேடிக்கொள்ளும்.

## அறிகுறி 7: ஓடும்போது பார்க்கும் மானிட்டர் சரியில்லை

வீண் அலாரம். மானிட்டர் நிகழ்வுகளை வந்த வரிசையில் பார்க்கிறது, பண்போ நடந்த வரிசையைப் பற்றியது. வாட்டர்மார்க் தாண்டும்வரை தீர்ப்பைத் தள்ளிவையுங்கள். "சரி", "தவறு" இரண்டோடு "இன்னும் தெரியாது" என்ற மூன்றாவது தீர்ப்பும் மானிட்டருக்கு வேண்டும்.

வாயே திறப்பதில்லை. பண்பைப் படியுங்கள். "ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒருநாள் ரசீது வரும்" என்பதை எவ்வளவு நீளமான லாக்கை வைத்தும் பொய்யாக்க முடியாது. நாளைக்கு வரலாம் அல்லவா. "30 விநாடிக்குள் வரும்" என்று கெடு வைத்தால்தான் மானிட்டருக்குப் பல் முளைக்கும்.

நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது. கீக்கு ஒன்றாக நிலை வைத்திருக்கிறது, எப்போதும் விடுவதில்லை. கெடு வைத்திருந்தால் அதுவே விடும் நேரமும் ஆகும்.

## அறிகுறி 8: டாஃப்னி நிரூபணம் நேற்று தேறியது, இன்று நேரம் தீர்ந்து நிற்கிறது

டாஃப்னி என்பது நிரல் சரி என்பதைச் சால்வர் வைத்து நிரூபிக்கும் மொழி. எங்கோ ஒரு வரி மாறியிருக்கும், சம்பந்தமே இல்லாத இடத்தில்கூட. நேர வரம்பைக் கூட்டுவது ஒத்திப்போடுதல்தான். விண்டோ தொடக்கத்தைக் கணக்கிடும் வகுத்தலும் மீதியும் சால்வரைத் திணறடிக்கும். அதைத் தனி லெம்மாவாக்கி (துணைத் தேற்றமாக்கி), மற்ற இடங்களில் முடிவை மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்ட்ரீம் முழுதையும் பற்றிய பண்பை "இதுவரை வந்தவை, அப்புறம் ஒரு நிகழ்வு" என்று பிரித்து நிரூபியுங்கள்.

இதே மீதியில் ஒரு பொறி உண்டு. டாஃப்னியில் −1-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 4. ஜாவாவில் −1. நிரூபித்ததை ஜாவாவில் கையால் திரும்ப எழுதினால், 1970-க்கு முந்தைய நேரம் கொண்ட நிகழ்வு தவறான விண்டோவில் விழும். டைம் ஜோன் ஆஃப்செட்டைக் கழித்தபின் எதிர்மமாகும் எண்ணுக்கும் இதே கதிதான்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

உங்கள் மாடல் 2, 3 பார்ட்டிஷன்களுக்குச் சரி, ஆனால் எத்தனை பார்ட்டிஷனுக்கும் சரி என்ற உறுதி வேண்டும் என்றால் இண்டக்டிவ் இன்வேரியன்ட் (எந்த அடி எடுத்தாலும் உண்மையாகவே தொடரும் பண்பு) கண்டுபிடிக்க வேண்டும், டிஎல்ஏபிஎஸ் போன்ற நிரூபணக் கருவி வேண்டும். அது முழுநேரக் கலை. ஸ்னாப்ஷாட் முறையையோ (ஓடிக்கொண்டிருக்கும்போதே மொத்த நிலையையும் ஒத்திசைவாகப் பதிவது) கமிட் புரோட்டகாலையோ சொந்தமாக வடிவமைக்கிறீர்கள் என்றாலும் முன்கூட்டியே கூப்பிடுங்கள். 1985-இல் சாண்டியும் லாம்போர்ட்டும் கொடுத்த ஸ்னாப்ஷாட் முறையை விட்டு விலகும் ஒவ்வோர் அடிக்கும் நியாயம் சொல்ல வேண்டியிருக்கும். விமான மென்பொருள் மாதிரி சான்றிதழ் தேவைப்படும் வேலையில் டிஓ-333 (அந்த மென்பொருளில் கணித நிரூபண முறைகளுக்கான வழிகாட்டி) போன்ற ஆவணங்கள் எதை ஆதாரமாக ஏற்கும் என்பதை அறிந்தவர் ஒருவர் முதல் நாளிலிருந்தே கூட இருக்க வேண்டும். லாக்கை ஸ்பெக்கோடு ஒப்பிட்டும் பிரியும் இடம் கிடைக்கவில்லை, இழப்போ தொடர்கிறது என்றாலும் வெளிக்கண் ஒன்று தேவை.

கூப்பிடும்போது நான்கு பொருட்களைக் கொடுங்கள்: ஸ்பெக், கான்ஃபிக், கோளாறு தெரியும் மிகச் சிறிய ஓட்டம், அப்புறம் நீங்கள் நம்பும் அனுமானங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைக் காக்கும் அமைப்பின் பெயரோடு. வருகிறவர் முதலில் அந்தக் கடைசித் தாளில் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும் வரிகளைத்தான் தேடுவார்.